அண்ணியின் பரவாயில்லை

அண்ணி எனக்குத் தர வேண்டியிருந்த கடன் பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். இதில் பதினெட்டாயிரம் நான் எண்ணிக் கொடுத்தது. மிச்சம், ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸிக்கு என் கையிலிருந்து போனது. அதை நான் மறந்தே போயிருந்தேன். அண்ணிதான் ஞாபகமாகக் கூட்டிக்கொண்டார்.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவருடைய கணவர் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். சமையலறைக் கூரை ஒழுகுகிறது, அதை மாற்ற வேண்டும் என்று நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. அண்ணியின் வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றாவிட்டால் கொஞ்ச நாளில் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரிச் செலவில் குறைந்த தொகைக்கு அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கூரைக்கு ஒரு வாளி வைத்தால் போதும். இடுப்புக்கு வாளி வைக்க முடியாது.

"அக்கா தம்பிக்குள்ள எதுக்குக்கா கணக்கு?" என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"உன்கிட்ட வாங்கியிருந்தா அது பாசம்டா. இது உன் பொண்டாட்டிகிட்ட வாங்கினது. இதுக்குப் பேரு கடன்," என்றார் அண்ணி. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நானும் அண்ணியும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்தோம். ஆஸ்பத்திரிகள், விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வரும். வெளுப்பதற்கு இயந்திரம் இருக்கிறது, தேய்ப்பதற்கும் இருக்கிறது. மடிப்பதற்கு ஆள்தான். ஒரு பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனையில் நின்று உதற வேண்டும், நீளவாக்கில் பாதியாக்க வேண்டும், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். நடுவில் கை சேரும். ஒருத்தி தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, தொங்குகிற மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதே நடைதான். பாட்டு இல்லாத நடனம் என்பார் அண்ணி. சம்பளமும் இல்லாத நடனம் என்பேன் நான்.

அண்ணியைப் போல மடிக்கிறவர் அங்கே இல்லை. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது அவர் செய்த முதல் காரியம், படுத்திருந்த விரிப்பின் ஓரத்தை விரலால் தடவியது. "இது யாரு மடிச்சது? ஓரம் கோணல்," என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ், மயக்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அண்ணி முழுசாகத் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்தது.

இடுப்பில் வைத்தது உலோக மூட்டு. உலோகக் கிண்ணத்துக்குள் உலோக உருண்டை. இனி வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை என்று சொல்லித்தான் வைத்தார்கள். கொஞ்ச காலம் அது உண்மையாகவும் இருந்தது. அண்ணி வேலைக்குத் திரும்பினார், தன் பாதித் தூரத்தைத் தானே நடந்தார். பிறகு சத்தம் ஆரம்பித்தது. முதலில் படி ஏறும்போது மட்டும், எண்ணெய் காணாத கதவு போல ஒரு க்ரீச். அப்புறம் சமதரையிலும். நாங்கள் விரிப்போடு நெருங்கி வரும்போது அண்ணியின் ஒவ்வோர் அடிக்கும் அது கேட்டது.

கொதிகலன் பார்த்துக்கொள்கிறவர் எட்டிப் பார்த்து, "அக்கா, எண்ணெய் டப்பா கொண்டு வரட்டா?" என்பார்.

"கொண்டு வா. முதல்ல உன் வாய்க்கு ரெண்டு சொட்டு விட்டுக்க. அதுதான் இங்க அதிகமா ஓடுது," என்பார் அண்ணி.

எல்லாரும் சிரிப்போம். அண்ணியும் சிரிப்பார். ஆனால் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் புரண்டு படுக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்தான் கூடப் போவேன். அண்ணிக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சின்ன வயதுக்காரர். மேசையில் ஒரு டம்ளர் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும். வாசலில் ஊன்றுகோல்களும் சக்கர நாற்காலிகளுமாகக் கூட்டம் காத்திருக்கும்.

"எப்படிம்மா இருக்கு?" என்பார் எழுதிக்கொண்டே.

"பரவாயில்ல டாக்டர்," என்பார் அண்ணி.

அவர் ஏதோ எழுதுவார். நாங்கள் வெளியே வந்துவிடுவோம்.

"வீட்ல கிடந்து முனகிட்டு, இங்க வந்து பரவாயில்லையா?" என்று நான் ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

"அவரு முகத்தப் பாத்தியா இவளே? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல போல. வெளிய வேற அவ்வளவு பேரு நிக்கிறாங்க."

"நான் உங்க காலப் பத்திப் பேசுறேன் அண்ணி."

"காலு எங்க ஓடிடப் போகுது? கூடவேதான வருது."

அண்ணிக்குப் பரவாயில்லை என்பது ஒரு வார்த்தையே இல்லை. மூச்சு விடுவது போல அது. பஸ்ஸில் யாராவது இடித்தால் பரவாயில்லை. மேற்பார்வையாளர் தவறாக அரை நாள் கூலியைப் பிடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தால் பரவாயில்லை. கணவர் இறந்த அன்று, தாமதமாக வந்துவிட்டேன் என்று ஒருவர் கையைப் பிசைந்தபோதுகூட, "பரவாயில்லைங்க, உக்காருங்க," என்றவர் அவர். அதில் பாதி எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் அண்ணி அளவுக்கு யாரும் இல்லை.

கடைசியில் அண்ணியால் நடந்து வர முடியாமல் போனது. அவர் தன் முனையிலேயே நிற்க, முழுத் தூரமும் நான் நடந்து போய் முனைகளை வாங்கிக்கொண்டேன். தொங்குகிற மடிப்பையும் நானே குனிந்து எடுத்தேன். மேற்பார்வையாளர் கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார். அண்ணி மட்டும், "உன்னை நல்லா ஓட விடுறேன்," என்று முணுமுணுப்பார்.

அப்போதுதான் மூட்டு செய்த கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்த புதிது. திணறித் திணறி வாசித்தேன். அந்த வகை மூட்டில் சிலருக்குச் சிக்கல் வந்திருப்பதால் முன்னெச்சரிக்கையாக அதைத் திரும்பப் பெறுகிறார்களாம்.

"திரும்பப் பெறுவாங்களா?" என்றார் அண்ணி. "அதோட நானும் போகணுமா, இல்ல என்னை வச்சிட்டுப் போவாங்களா?"

இரத்தப் பரிசோதனை செய்தார்கள். உருண்டையும் கிண்ணமும் ஒன்றோடொன்று உரசி, உலோகத் தூள் இரத்தத்தில் கலந்திருந்தது. மூட்டைச் சுற்றியிருந்த சதை கெட்டுப்போயிருந்தது. வேறு ஒரு பெரிய டாக்டர் மறுபடி அறுத்து, பழையதை எடுத்துவிட்டு வேறு வகை மூட்டு வைத்தார். அதற்கான பணத்தை வழக்கு முடிந்த பிறகு கட்டினால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வழக்குப் போட்டது அண்ணி மட்டும் இல்லை. அதே மூட்டு வைத்த நிறையப் பேர் சேர்ந்து ஒரு வக்கீலம்மாவிடம் போயிருந்தார்கள். ஓயாமல் இருமுகிற, எப்போதும் கையில் குடை வைத்திருக்கிற அம்மா. எல்லாரிலும் முதலில் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது அண்ணியின் வழக்கு. இதில் என்ன தீர்ப்பு வருகிறதோ அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் நடக்கும் என்று வக்கீலம்மா சொன்னார்.

விசாரணைக்கு முன்னால் கம்பெனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றட்டுமா என்று கேட்டார், வாளியைத் தாண்டி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தொகை சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவு போக, எனக்குத் தர வேண்டிய கடனும் அடைந்து, கையில் கொஞ்சம் மிஞ்சும். மூட்டில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருக்கும் தாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

நான் கூரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார்.

"குறை அதுல இல்லன்னா வேற எதுலங்க?" என்று கேட்டார் அண்ணி.

"அப்படி எதுவும் அதுல எழுதலம்மா."

"எழுத வேணாம். அதுல இல்லன்னா என்கிட்டதான? நான் ஒழுங்கா நடக்கலன்னு ஆகும். அறுத்த டாக்டரு சரியில்லன்னு ஆகும். அந்த ஒரு வரிய எடுத்துட்டுக் குடுங்க, இப்பவே போடறேன்."

அந்த வரியை எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. எழுந்து போய்விட்டார். எனக்கு வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாததால் பாத்திரம் கழுவப் போனேன். கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றார். "உன் பணம் வந்திருக்கும். தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"பாத்திரம் சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அதோடு போனது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையில் விழ இருந்த பணத்தை ஒரு வரிக்காக வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதுவும் எல்லாவற்றுக்கும் பரவாயில்லை சொல்கிற எங்கள் அண்ணி.

சாட்சி சொல்லும் நாளில் நீதிமன்றத்து நடை முழுக்கக் கூட்டம். கம்பெனி வக்கீல் யாரோடோ பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது அவருடைய ஷூ அண்ணியின் கால் விரல்களில் ஏறியது.

"சாரிம்மா," என்றார் திரும்பி.

"பரவாயில்லைங்க," என்றார் அண்ணி.

அவர் உள்ளே போய்விட்டார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல அசைத்துப் பார்த்தார். வக்கீலம்மா இருமலுக்கு நடுவே மறுபடி மறுபடி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "கேட்டதுக்கு ஆமா, இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது. சரிங்களா?" அண்ணி தலையாட்டினார்.

உள்ளே மேசை மேல், எடுத்த மூட்டு ஒரு கண்ணாடிக் குடுவையில் இருந்தது. எலுமிச்சம்பழ அளவு உருண்டை. ஒரு பக்கம் பளபளப்பு போய்க் கீறல் கீறலாக இருந்தது. சோதனைக்கூடத்திலிருந்து வந்தவர் அது தேயக் கூடாத அளவு தேய்ந்திருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். தேய்ந்ததைக் கம்பெனியும் மறுக்கவில்லை. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மீறி, விரிப்புக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி வேலை செய்ததால் பின்னாளில் தேய்ந்தது என்பதுதான் அவர்கள் வாதம். அதற்கு ஆதாரம், ஆஸ்பத்திரிக் குறிப்புகள். ஒவ்வொரு சோதனையின்போதும் 'வலி இல்லை' என்றுதான் அதில் எழுதியிருந்தது.

கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. நல்ல குரல் அவருக்கு.

"ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டரப் பாக்கப் போனீங்களாம்மா?"

"போனேங்க."

"எப்படி இருக்குன்னு கேட்டாரா?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டாருங்க. நல்ல டாக்டரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லன்னு சொன்னேன்."

"அப்ப வலி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுங்க."

"சரி. அப்ப டாக்டர்கிட்ட பொய் சொன்னீங்க."

"பொய் சொல்லலீங்க."

"ரெண்டுல ஒண்ணுதானம்மா? வலி இல்லாம இருந்திருக்கணும், இல்லன்னா நீங்க பொய் சொல்லியிருக்கணும். அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

இத்தனை வருடம் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒற்றை வார்த்தை, கயிறு மாதிரி திரும்பி வந்து அண்ணியின் கழுத்தில் விழுந்துவிட்டதே என்று நினைத்தேன். எங்களுக்குப் பின்னால் மற்ற வழக்குக்காரர்கள், ஊன்றுகோல்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிலும் எத்தனை பேர் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தார்களோ.

அண்ணி நீதிபதியம்மா பக்கம் திரும்பினார். "ஒண்ணு சொல்லலாங்களா?"

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"காலையில வெளிய நடையில நிக்கும்போது இவரு ஷூ என் கால்ல ஏறிடுச்சுங்க. தப்பு சொல்லல, அவ்வளவு கூட்டம். சாரின்னாரு. நான் பரவாயில்லைங்கன்னேன். சுண்டுவிரல் இப்பவும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பரவாயில்லன்னா வலிக்கலன்னு அர்த்தம் இல்லீங்க. உங்க மேல கோவம் இல்ல, நீங்க போகலாம்னு அர்த்தம். டாக்டருக்கும் அதத்தான் சொன்னேன். அவரு நல்லாதான் பண்ணாரு. அவரு கையில குடுத்த சாமான்தான் சரியில்ல."

நீதிபதி எட்டி அண்ணியின் காலைப் பார்த்தார். பிறகு கம்பெனி வக்கீலிடம், "மிதிச்சீங்களா?" என்றார்.

"ஆமாங்க. தெரியாம."

"சாரி சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவங்க பரவாயில்லன்னதும் என்ன பண்ணீங்க?"

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "உள்ள வந்துட்டேன்," என்றார்.

பின்வரிசையில் ஊன்றுகோல் ஒன்று தரையில் விழுந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "அம்மா, அந்த வார்த்தைய என்னன்னு போடறது?" என்று கேட்டார்.

"பரவாயில்லன்னே போடுங்க. அதுக்குப் பதிலா வேற வார்த்த போடாதீங்க," என்றார் நீதிபதி.

அந்த ஒரு பேச்சிலேயே வழக்கு ஜெயித்துவிட்டது என்று எங்கள் சலவைக்கூடத்தில் இன்றும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. அடுத்த சாட்சியாக, முதல் ஆபரேஷன் செய்த அந்த டாக்டர் வந்தார். அவரை அழைத்தது கம்பெனிதான். அதுவரை வெளியே உட்கார்ந்திருந்ததால் அண்ணி பேசியது அவருக்குத் தெரியாது. முன்பக்க முடி கொட்டியிருந்தது, முகம் மட்டும் அதே களைத்த முகம்.

வக்கீலம்மா அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. "வலி இல்லைன்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

அவர் குறிப்பை வாங்கிப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்க முடியாது. அவர் எழுத்துதான், அவர் கையெழுத்துதான். அண்ணியின் பக்கம் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"பரவாயில்லன்னு சொன்னாங்க. வலி இல்லன்னு எழுதினது நான். அது என் வார்த்த, அவங்க வார்த்த இல்ல. நான் காலத் தொட்டுப் பாத்திருக்கணும்."

சபை நடுவில் தன் தப்பைத் தானே சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும். அண்ணி அவருக்காக எத்தனையோ முறை விட்டுக்கொடுத்தது வீண் போகவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. அவர் இறங்கிப் போகும்போது அண்ணியின் முன்னால் வந்து நின்றார். "மன்னிச்சிடுங்கம்மா."

அண்ணியின் வாய் திறந்தது. எந்த வார்த்தை வெளியே வரப்போகிறது என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அண்ணி அதைப் பிடித்து விழுங்கிக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

தீர்ப்பு வர நாளானது. மூட்டில் குறை இருந்தது, குறை இருந்தது தெரிந்த பிறகும் கம்பெனி அதை விற்றது என்று எழுதியிருந்தது. இரண்டாவது ஆபரேஷன் செலவும் போன கூலியும் பட்ட வேதனைக்கு ஒரு தொகையும் தரச் சொல்லியிருந்தது. கேட்டதில் முக்கால்தான். மேல்முறையீடு போவோம் என்றார்கள், போகவில்லை. மற்றவர்களின் வழக்குகளையும் ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்தார்கள். அந்த வரி இல்லாத தாளில்தான் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள் என்று வக்கீலம்மா சொன்னபோது அண்ணி, "அது போதும்," என்றார்.

அண்ணியால் நாள் முழுக்க நின்று மடிக்க இனி முடியாது. சலவைக்கூடத்தில் உட்கார்ந்து, எந்த விரிப்பு யாருடையது என்று காட்டும் அடையாளத் துணியைத் தைக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். பணம் கைக்கு வந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒரு விடுமுறை நாளில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த விரிப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். சமையலறையில் வாளி டொக் டொக் என்று ஆரம்பித்திருந்தது. தனியாக மடிக்கப் பார்த்து, முடியாமல் வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"குடு இங்க," என்று அண்ணி இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போனார்.

"நில்லுங்க அண்ணி, நானே வர்றேன்."

"நீ உன் பாதிய மட்டும் நட."

உதறினோம். பாதியாக்கினோம். நடந்தோம். அண்ணி மெதுவாகத்தான் வந்தார், ஆனால் வந்தார். மழைச் சத்தமும் வாளிச் சத்தமும் கேட்டன. அண்ணியின் நடையில் சத்தமே இல்லை. நடுவில் கை சேர்ந்தபோது விரிப்பின் முனைகளோடு தடித்த ஒரு கவரும் என் கைக்கு வந்தது.

"எண்ணிக்க," என்றார்.

"என்ன அண்ணி இப்ப அவசரம். பரவாயில்ல."

"பரவா இருக்கு. எண்ணு."

"டாக்ஸில நானும்தான வந்தேன். அதுல பாதியாவது எடுத்துக்குங்க."

"நீ வழியெல்லாம் அழுதுகிட்டு வந்த. அழறவங்களுக்கு டிக்கெட் கிடையாது."

விரிப்பை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு நான் எண்ணினேன். அவர் அதைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும் வரை நின்றார்.

"சரியா இருக்கு அண்ணி," என்றேன்.

"ம்," என்றார். பிறகு கீழே தொங்கிய மடிப்பை எடுக்க, எனக்கு முன்னால் அவர் குனிந்தார்.